ஓவன் கம்பி சுட்ட கையும் முதல் இருபது நிமிடங்களும்

கேக் தட்டை வெளியே எடுக்கும்போது ஓடிஜி என்னும் சிறிய மின்சார ஓவனின் சூடேற்றும் மேல்கம்பி முன்கையில் பட்டுவிட்டது, மாமியார் உடனே பற்பசை தடவினார், மறுநாள் காலையில் இரண்டு விரல் அகலத்துக்குக் கொப்புளம் எழும்பியிருக்கிறது என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பற்பசை தடவியது சரியா, கொப்புளத்தை உடைத்துவிடலாமா, தழும்பு நிற்குமா என்பவை அவருடைய கேள்விகள். அவற்றோடு, புதிதாக வாங்கிய அந்த ஓவனை இனித் தொடவே பயமாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். நான் பதினெட்டு ஆண்டுகள் அரசு மருத்துவமனையொன்றின் தீக்காயப் பிரிவில் செவிலியராக இருந்தவள். இப்போது வீட்டில் ரொட்டியும் பிஸ்கட்டும் செய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவருவதால், நாள்தோறும் ஓவன் முன்னால் நிற்பவள். இரண்டு பக்கமும் தெரிந்தவள் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஆறுதலான செய்தி. வலியும் சிவப்பும் கொப்புளமும் சேர்ந்து இருக்கிறது என்றால், பெரும்பாலும் தோலின் மேலடுக்கும் அதற்கு அடுத்த அடுக்கின் மேற்பகுதியும்தான் வெந்திருக்கின்றன. இத்தகைய காயம் சுத்தமாக வைத்திருந்தால் இரண்டு வாரங்களில், மிஞ்சிப்போனால் மூன்று வாரங்களுக்குள் ஆறிவிடும். வலிக்கிறதே என்று பயப்படுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, வலி இருப்பது உணர்வு நரம்புகள் உயிரோடு இருப்பதன் அடையாளம் என்பதுதான். வெள்ளையாகவோ மெழுகு போலவோ பதனிட்ட தோல் போன்ற விறைப்போடோ காயம் இருந்து, தொட்டாலும் வலிக்கவில்லை என்றால்தான் உண்மையில் கவலைப்பட வேண்டும்.

தோல் வேக எவ்வளவு சூடு வேண்டும் என்பதை அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1947-இல் அளந்து வெளியிட்டார்கள். சுமார் 44 டிகிரி செல்சியஸ் சூடு தோலைக் கெடுக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகிறது. 60 டிகிரியில் ஐந்து வினாடி போதும். 70 டிகிரியில் ஒரு வினாடியே அதிகம். ஓவன் கம்பியின் சூடோ இவற்றையெல்லாம் பல மடங்கு தாண்டியது. ஆகவே "சும்மா லேசாகப் பட்டது" என்பது கம்பியின் விஷயத்தில் பொருளற்றது. கையை எவ்வளவு வேகமாக இழுத்துக்கொண்டாலும், அதற்குள் தோலுக்குள் சூடு இறங்கிவிடுகிறது.

இறங்கிய சூடு உடனே போய்விடுவதும் இல்லை. மண்சட்டியில் வைத்த மீன்குழம்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் அது சிறிது நேரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பியை விட்டுக் கை விலகிய பிறகும் தோலுக்குள் நடப்பது அதுவே. மேலே உள்ள சூடு கீழடுக்குகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சூட்டை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை, அதைச் செய்வதற்குக் குழாய்த் தண்ணீரைவிடச் சிறந்த பொருள் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

காயம்பட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த தண்ணீரின் கீழ் முழுதாக இருபது நிமிடங்கள் காட்ட வேண்டும். இந்த இருபது நிமிடம் என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான்காவது, ஐந்தாவது நிமிடத்திலேயே எரிச்சல் அடங்கிவிடும், அடங்கியதும் எல்லோரும் குழாயை மூடிவிட்டு விட்ட வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், பத்து நிமிடத்தில் எரிச்சல் திரும்ப வரும், அப்போதுதான் கை பற்பசையைத் தேடும். கைபேசியில் இருபது நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். அடுப்பை அணைக்கவும் ஓவனை நிறுத்தவும் வீட்டில் வேறு யாரையாவது கூப்பிடுங்கள். சுட்டவுடன் செய்ய முடியாமல் போனால்கூட, மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஏனென்றால் குளிர்ச்சி சூட்டை எடுப்பதோடு நிற்பதில்லை, வீக்கத்தையும் வலியையும் குறைத்து, சுற்றியுள்ள தோல் மேலும் கெடாமல் தடுக்கிறது.

நம் ஊர்ச் சூழலில் ஒரு சிக்கல் உண்டு. சித்திரை, வைகாசியில் மதியம் ஒரு மணிக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அந்தத் தண்ணீரைச் சுட்ட இடத்தில் விடுவதில் பயன் இல்லை. புறங்கையில் விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பானைத் தண்ணீரையோ குடிநீர்க் கேனில் இருக்கும் தண்ணீரையோ சொம்பில் எடுத்து மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கையை முக்குவதைவிட ஊற்றுவது நல்லது, ஏனென்றால் பாத்திரத்தில் இருக்கும் தண்ணீர் கையின் சூட்டை வாங்கிச் சீக்கிரம் சூடாகிவிடும். முக்கித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். பனிக்கட்டி மட்டும் வேண்டாம். அது மரத்துப்போகச் செய்வதால் நன்றாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே அடிபட்ட தோலுக்குப் போக வேண்டிய இரத்தத்தை நிறுத்திவிடும். கைக்குழந்தைக்குச் சுட்டிருந்தால் சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் படட்டும், மீதி உடம்பைத் துணியால் போர்த்தி வைத்திருங்கள். குழந்தையின் உடம்பு வெகு சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வளையல், மோதிரம், கைக்கடிகாரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரத்தில் வீக்கம் வந்துவிடும், வந்த பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். வெட்ட மனமில்லாமல் சோப்புப் போட்டு இழுத்துப் பார்த்து விரலை இன்னும் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி பற்பசை. உங்கள் மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். பதறிய நேரத்தில் கைக்கு எட்டியதைக் கொண்டு உதவ வந்தார், பற்பசையில் உள்ள புதினாச் சத்து தோலில் குளிர்ச்சி போன்ற ஓர் உணர்வைத் தருவதும் உண்மை. ஆனால் அது உணர்வுதான், சூடு அங்கேயே இருக்கிறது. பற்பசையில் பல்லைத் தேய்ப்பதற்கான மாவும் நுரைக்கான சோப்புச் சத்தும் இருக்கின்றன, இவை வெந்த தோலை எரிச்சலூட்டும். இதைவிடப் பெரிய தொல்லை அது காய்ந்த பிறகு வருவது. ஒரு நாள் இரவு பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்துவந்தார்கள். புறங்கையில் பற்பசை சுண்ணாம்புப் பற்றுப் போல இறுகிக் கிடந்தது. அதற்கு மேல் யாரோ சொன்னார்கள் என்று பேனா மையும் ஊற்றியிருந்தார்கள். உப்புநீரில் நனைத்த பஞ்சுத்துணியை வைத்து ஊறவிட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். எவ்வளவு மெதுவாக எடுத்தாலும் சில இடங்களில் மேல்தோலும் கூடவே வந்தது. அந்தப் பிள்ளை என் முந்தானையைப் பற்றிக்கொண்டு, "அக்கா, போதும் அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாம் எடுத்து முடித்த பிறகு பார்த்தால், காயம் தானாக ஆறக்கூடிய சாதாரணக் காயம். அந்த முக்கால் மணி நேர வலி முழுவதும் பற்பசையால் வந்தது.

மை காயத்தின் நிறத்தை மறைத்துவிடும், நிறத்தைப் பார்த்துத்தான் ஆழத்தை மருத்துவர் கணிக்கிறார். மஞ்சளும் அப்படியே. இட்லி மாவு புளித்த மாவு, அதில் உயிருள்ள நுண்ணுயிரிகள் நிறைந்திருக்கின்றன. திறந்த புண்ணில் அதற்கு இடமில்லை. முட்டை வெள்ளைக்கருவும் அதே காரணத்தால் ஆகாது. வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சுட்டவுடன் தடவினால் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். காயம் முழுதாக மூடி, புதுத்தோல் வந்த பிறகு தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவலாம். அப்போது அது நல்லது.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். அந்த நீருக்கு மேல் இருக்கும் மெல்லிய தோலைவிடச் சுத்தமான கட்டு எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது. தானாக உடைந்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு மென்மையாகக் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசி, ஒட்டாத கட்டுத்துணியால் மூடுங்கள். மருந்துக் கடையில் பாரஃபின் தடவிய கட்டுத்துணி என்று கேட்டால் தருவார்கள். சாதாரணப் பஞ்சை நேரடியாக வைத்தால் அதன் நார் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். நாளுக்கு ஒரு முறையோ, நனைந்துவிட்டால் உடனேயோ மாற்றினால் போதும். மருத்துவரிடம் போகும் வழியில் மூட வேண்டுமானால், சமையலறையில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையின் முதல் சுற்றை நீக்கிவிட்டு, அடுத்த பகுதியிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் காயத்தின் மேல் படியவிடுங்கள். கையைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள், வீக்கம் வந்தால் அதுவே கயிறாகிவிடும்.

பல வீடுகளில் வெள்ளை நிறச் சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு ஒன்று எப்போதும் இருக்கும். மருத்துவர் பார்ப்பதற்கு முன் அதையும் பூச வேண்டாம் என்பது என் கருத்து. அது காயத்தின் தோற்றத்தை மாற்றிவிடும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது. சிறிய, மேலோட்டமான காயத்துக்கு அது தேவையும் இல்லை. வலிக்கு, வேறு உடல்கோளாறு இல்லாத பெரியவர்கள் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பது நினைவில் இல்லையென்றால், அதற்காகவாவது ஒரு முறை மருத்துவரைப் பாருங்கள்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நம்பி இருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காயம்பட்டவரின் உள்ளங்கை விரல்களோடு சேர்ந்து அவருடைய உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. காயம் அந்த அளவைத் தாண்டினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம், கை விரல்கள், பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் என்றால் அளவு சிறிதாக இருந்தாலும் போக வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரையும் காட்டிவிடுவதே நல்லது. சர்க்கரை நோயாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களில் பலருக்கு விரல் நுனியிலும் பாதத்திலும் உணர்ச்சி குறைந்திருப்பதால், சூடான தட்டைப் பிடித்திருப்பதே தாமதமாகத்தான் தெரியும், காயம் நினைத்ததைவிட ஆழமாக இருக்கும், ஆறவும் நாளாகும். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் எந்தக் காயமாக இருந்தாலும், இரண்டு நாளைக்குப் பிறகு வலி குறையாமல் கூடினாலோ, சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ், துர்நாற்றம், காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீர்கள். பெரிய விபத்து என்றால் 108-ஐ அழையுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே பெரிய தனிப்பிரிவு இருக்கிறது.

இனி ஓவனுக்கு வருகிறேன். உங்களுக்குச் சூடு பட்டது கவனக்குறைவால் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கேஸ் அடுப்பு தன் சூட்டை நமக்குக் காட்டுகிறது. நீலச்சுடர் கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, அணைத்தால் சுடர் போய்விடுகிறது. நம் கைகள் சின்ன வயதிலிருந்து அந்த அடுப்பிடம்தான் பாடம் படித்திருக்கின்றன. ஓவனிடம் அந்தப் பாடம் செல்லாது. எந்த உலோகமானாலும் ஏறத்தாழ 525 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியத் தொடங்குகிறது. வெளிச்சமான சமையலறையில் அதற்கும் மேலே போக வேண்டும். அதாவது கம்பி கறுப்பாக இருக்கிறது என்றால் அது சிவப்பாகத் தெரியும் அந்தச் சூட்டுக்குக் கீழே இருக்கிறது என்று மட்டும்தான் பொருள்; நானூறாகவும் இருக்கலாம், இருநூறாகவும் இருக்கலாம். நாம் வைத்த அளவுக்குச் சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் கம்பிக்கு மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி விடுவதால், சிவப்பு மறைந்திருக்கும் தருணத்தில் நாம் கதவைத் திறந்து கையை விடுவது இயல்பாக நடக்கிறது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. 180 டிகிரி ஓவனுக்குள் கையை விட்டால் அந்தக் காற்று உடனே சுடுவதில்லை, முகத்தில் அனல் அடிப்பது போல இருக்கும், அவ்வளவுதான். காற்று சூட்டை மிக மெதுவாகக் கடத்துவதே காரணம். அதே 180 டிகிரியில் இருக்கும் உலோகத் தட்டின் விளிம்பு கண்ணிமைக்கும் நேரத்தில் தோலைப் பொசுக்கிவிடும். காற்று சுடவில்லையே என்று கை துணிந்து உள்ளே போகிறது, கண் கீழே இருக்கும் கேக்கைப் பார்க்கிறது, மேலே இருக்கும் கம்பியையோ காலியான கம்பித்தட்டையோ முன்கையின் மேற்புறம் தொடுகிறது. ஓவன் வைத்திருக்கும் தோழிகளிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தழும்பு அந்த ஒரே இடத்தில் இருக்கும். எனக்கும் இருக்கிறது.

அதனால் நான் முதலில் மாற்றிக்கொண்ட வழக்கம், ஓவனைச் சூடேற்றுவதற்கு முன்பே தேவையில்லாத கம்பித்தட்டை வெளியே எடுத்துவிடுவது. சூடேறிய பிறகு எடுக்க வேண்டியிருக்காது, கை போய்வர இடமும் கிடைக்கிறது. இரண்டாவது, கையை உள்ளே விட்டுப் பாத்திரத்தைத் தூக்காமல், கம்பித்தட்டைப் பாதி வரை வெளியே இழுத்துப் பிறகு பாத்திரத்தை எடுப்பது. பாதிக்கு மேல் இழுத்தால் சில ஓடிஜிகளில் தட்டு முன்பக்கம் சரிந்துவிடும். கூடவே கொடுக்கும் இடுக்கி, தட்டின் விளிம்பை மட்டும்தான் பிடிக்கும். பிஸ்கட் தட்டுக்கு அது போதும், ஒரு கிலோ கேக் உள்ள பாத்திரத்துக்குப் போதாது. அதற்கு முழங்கை வரை வரும் தடித்த கையுறை இரண்டு கைக்கும் வேண்டும்.

பலர் கையுறைக்குப் பதிலாகக் கரித்துணியைப் பயன்படுத்துகிறார்கள், அதில் தவறில்லை, ஆனால் அது உலர்ந்திருக்க வேண்டும். மேடையைத் துடைத்த ஈரத்துணியை மடித்து ஓவன் தட்டைப் பிடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உலர்ந்த துணியின் இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றுதான் நம் கையைக் காக்கிறது. ஈரத்துணியில் அந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். இரண்டு வினாடியில் அது ஆவியாகி விரல்களைச் சூழ்ந்துகொள்ளும். அந்த நேரம் கையில் சூடான தட்டு இருக்கிறது, அதைப் போட்டுவிட முடியாது, போட்டால் காலில் விழும்.

ஆவியைப் பற்றி ஒரு வார்த்தை. கொதிக்கும் தண்ணீர் ஒரு கிராம் தோலில் பட்டு உடற்சூட்டுக்கு வரும்போது ஏறக்குறைய 63 கலோரி வெப்பத்தைத் தருகிறது. ஒரு கிராம் நீராவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே 540 கலோரியை இறக்கிவிட்டு, அதற்குப் பிறகு அந்த 63-ஐயும் தருகிறது. மூடி வைத்துச் சுட்ட பிரியாணியோ நீர்ப்பாத்திரத்தில் வைத்துச் சுட்ட கஸ்டர்டோ உள்ளே இருந்தால், பக்கவாட்டில் நின்று கதவை ஒரு சாண் திறந்து, ஆவி போக விட்டுப் பிறகு முழுவதும் திறவுங்கள். கண்ணாடி அணிந்தவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஆவி படிந்து பார்வை மறையும் அந்த நொடியில்தான் கை தடுமாறும்.

ஓவனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இடமில்லை என்று குளிர்சாதனப் பெட்டியின் தலையிலும் பரணுக்குக் கீழே உள்ள பலகையிலும் வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் பதறுகிறது. தோளுக்கு மேலே இருந்து சூடான தட்டை இறக்கினால் சிந்துவதெல்லாம் முகத்திலும் மார்பிலும் விழும். இடுப்பு உயரத்தில், பக்கத்தில் சூடான தட்டை இறக்கி வைக்க ஓரடி இடம் காலியாக இருக்கும்படி வையுங்கள். ஓடிஜியின் தலையும் பக்கங்களும்கூடச் சுடும் என்பதால் சுற்றிலும் இடைவெளி விட்டு, மேலே துணி, காகிதம், பிளாஸ்டிக் டப்பா எதையும் வைக்காமல் இருங்கள். கண்ணாடிப் பாத்திரத்தை ஈரமான கல்மேடையில் இறக்கினால் வெடிக்கக்கூடும், உலர்ந்த மரப்பலகையோ துணியோ விரித்து வையுங்கள்.

வெளியே எடுத்து வைத்த பாத்திரம்தான் வீட்டில் மற்றவர்களைச் சுடுவது. அது அடுப்பில் இல்லை, ஆவி வரவில்லை, ஆகவே ஆறியிருக்கும் என்று வருகிறவர் நினைப்பார். எங்கள் வீட்டில் ஓவனிலிருந்து வந்த எந்தப் பாத்திரத்தின் மீதும் கையுறையைப் போட்டு வைப்போம். கையுறை மேலே கிடந்தால் சுடும் என்பது என் ஏழு வயதுப் பேரனுக்கும் தெரியும். தவழும் குழந்தை இருந்தால், கண்ணாடிக் கதவுதான் ஆபத்து; உள்ளே விளக்கு எரியும் அந்தக் கதவில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து நிற்கப் பார்க்கும், சுட்டதும் கையை எடுக்கப் பெரியவர்களைப் போல அதற்குத் தெரியாது. நிறுத்திய பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் குழந்தையைச் சமையலறைக்கு வெளியே வைத்திருங்கள்.

உள்ளே நெய்யோ காகிதமோ தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். ஓவனை நிறுத்தி, எட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடிய கதவுக்கு வெளியே நில்லுங்கள். காற்றில்லாமல் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் வெளியேறி 101-ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

தழும்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று வாரத்துக்குள் ஆறும் காயத்தில் தடித்த தழும்பு வருவது அரிது. ஆனால் நம்முடைய தோல் நிறத்துக்கு, ஆறிய இடம் சில மாதங்கள் கறுத்தோ வெளுத்தோ இருக்கும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். புதுத்தோல் மூடியதும் காலையும் மாலையும் மெதுவாக எண்ணெய் தடவுங்கள். வெயிலில் போகும்போது முழுக்கை அணியுங்கள், அல்லது சன்ஸ்கிரீன் தடவிக்கொள்ளுங்கள். வெயில் பட்டால்தான் அந்தக் கறுப்பு நிலைத்துவிடும். மூன்று வாரமாகியும் புண் மூடவில்லை என்றால் மட்டும் தீக்காய மருத்துவரிடமோ பிளாஸ்டிக் அறுவை மருத்துவரிடமோ காட்டுங்கள். அதுவரை கையில் கட்டு இருப்பதால் ஈரம் படக்கூடாது, பாத்திரம் தேய்க்கும் வேலையை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும்.